உங்கள் தெருவில் தொண்டு: வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வடசென்னையிலிருந்து வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். பலர் ஒரே விஷயத்தைக் கேட்டிருந்ததால் சில கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: துறைமுகத்தில் ஒப்பந்த வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஓய்வு. எங்கள் தெரு ஜனங்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நெடுநாள் ஆசை. கையில் பணம் இல்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?
— வாசகர், கொருக்குப்பேட்டை

பணம் இல்லாததை ஒரு குறையாகவே நினைக்காதீர்கள். உங்கள் தெருவில் பல வீடுகளுக்கு வரவேண்டியவை ஏற்கெனவே அரசாணையாக இருக்கின்றன. முதியோர் உதவித்தொகை, விதவை உதவித்தொகை, முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டை, பிள்ளையின் சாதிச் சான்று என்று எதை எடுத்தாலும், மனு எழுதி, கவுன்ட்டர் வரை கூடவே வந்து நிற்க ஆள் இல்லாமல்தான் கிடப்பில் கிடக்கிறது. அந்த ஆளாக நீங்கள் இருந்தால் போதும்.

பேட்டை முழுவதையும் தலையில் தூக்கிவைத்துக்கொள்ளாமல் ஒரு தெரு, 40 வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறன்று அலுவலகம் இருக்காது, ஆனால் காகிதத்தைச் சரிபார்க்க அதைவிட நல்ல நாள் கிடையாது. வீட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, ஒவ்வொருவரின் பெயரும் ஆதாரில் எப்படி இருக்கிறது, ரேஷன் கார்டில் எப்படி, வங்கிப் புத்தகத்தில் எப்படி என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ஓரிடத்தில் ‘முனியம்மா’, இன்னோரிடத்தில் ‘முனியம்மாள்’, மூன்றாவதில் இனிஷியல் மாறியிருக்கும். நிறைய மனுக்கள் திரும்புவது இந்த ஒரு எழுத்தால்தான். பிறந்த தேதியையும் இப்படியே ஒப்பிடுங்கள். ஆதாரில் பிறந்த தேதியைத் திருத்த ஒரே ஒரு முறைதான் வாய்ப்பு. கையில் சரியான ஆவணம் வராதவரை அதைத் தொடாதீர்கள்.

ஆதார் எண்ணை நோட்டில் எழுதவேண்டாம், நகலை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளவும் வேண்டாம். யார் ஃபோனுக்கு ஓ.டி.பி. வந்தாலும் அவர்களே பார்த்து அவர்களே சொல்லட்டும். ‘வாங்கித் தர்றேன்’ என்று ஒருவரிடமும் சொல்லாதீர்கள். ‘கூட வர்றேன்’ என்பதுவரைதான் உங்கள் வாக்கு. கிடைக்காமல் போனாலும் அந்த வாக்கு கெடாது.

கேள்வி: எங்கள் வீட்டுப் பக்கத்து ஆயாவுக்கு 70 வயதுக்கு மேல். மீன் விற்கிறார். முதியோர் உதவித்தொகைக்கு மூன்று முறை எழுதிப்போட்டும் தள்ளுபடி. லஞ்சம் கொடுத்தால்தான் நடக்கும் என்கிறார்கள். உண்மையா?
— வாசகி, காசிமேடு

கொடுக்காதீர்கள். முதலில் தள்ளுபடிக்கான காரணத்தைப் படியுங்கள். இ-சேவை மையத்தில் மனுவின் எண்ணைச் சொன்னால் ஒரு வரியில் காரணம் வரும். அதைப் படிக்காமல் அதே காகிதத்தை அப்படியே திரும்பப் போடுவதால்தான் மூன்று முறையும் ஒரே இடத்தில் நிற்கிறது.

வழக்கமாக நாலு இடத்தில் சிக்கும். முதலாவது, ஆதாரில் வயது 60-க்குக் குறைவாக இருப்பது. பதிவு முகாமில் யாரோ குத்துமதிப்பாகப் போட்ட வயது அது. இரண்டாவது, சம்பாதிக்கும் மகன் அதே ரேஷன் கார்டில் இருப்பது. மகன் உண்மையிலேயே தனிக்குடித்தனம் போயிருந்தால் அவர் பெயரை நீக்கித் தனிக் கார்டு வாங்கிய பிறகு மனு போடுங்கள். கூட இருந்துகொண்டே இல்லை என்று எழுதினால் விசாரணையில் ஆயாதான் மாட்டுவார். மூன்றாவது, வங்கிக் கணக்கோடு ஆதார் இணைக்கப்படாதது. உத்தரவு வந்த பிறகும் பணம் வராமல் போவது பெரும்பாலும் இதனால். வங்கியில் ‘கே.ஒய்.சி. (அடையாளச் சரிபார்ப்பு) பண்ணியாச்சு’ என்றால் அத்தோடு திரும்பாமல், மானியம் வருவதற்கு ஆதார் இணைந்திருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள்.

நாலாவதுதான் உங்கள் ஆயாவுக்கு நடந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. விசாரணைக்கு வருகிறவர் காலையில் வருவார். மீன் விற்பவர் விடியுமுன்பே ஏலத்துக்குப் போயிருப்பார். வீடு பூட்டியிருந்தால் ‘முகவரியில் இல்லை’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். மனுவில் பகலில் எடுக்கக்கூடிய ஒரு ஃபோன் எண் இருக்கட்டும். மனு போட்ட பத்து நாளில் கிராம நிர்வாக அலுவலரை ஆயாவோடு போய்ப் பார்த்து, எந்நேரம் வீட்டில் இருப்பார் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

ஐஸிலும் உப்புத் தண்ணீரிலும் வருஷக்கணக்கில் கையை விட்டவர்களுக்குக் கைரேகை தேய்ந்திருக்கும், மெஷின் எடுக்காது. நாலு தடவை அழுத்திவிட்டு வெறுங்கையோடு அனுப்பிவிடுவார்கள். கண் கருவிழிப் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். ஆதாரோடு ஒரு மொபைல் எண்ணை இணைத்துவிட்டால் பல இடங்களில் ஓ.டி.பி. போதும்.

மூன்று முறைக்கும் மேல் திரும்பினால், தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியருக்கு எழுத்தில் மனு கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். 2023-இல் இந்த உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய் ஆனது. அதற்கு முன் 1,000 ஆக இருந்தது. மருந்துக்கும் டீக்கும் பிள்ளை கையை எதிர்பார்க்காமல் ஆயாவுக்கு அது நிற்கும்.

கேள்வி: அடி பம்பில் வரும் தண்ணீர் பத்து நாளாக நாறுகிறது. புகார் செய்தால் வந்து பார்த்துவிட்டு ‘நல்லாத்தானே வருது’ என்கிறார்கள். இரண்டு குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. நாங்கள் என்ன செய்வது?
— மகளிர் குழுவினர், வியாசர்பாடி

முதலில் குழந்தைகள். ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட்டைக் கொதிக்கவைத்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் முழுவதுமாகக் கரைக்கவேண்டும். பாதிப் பாக்கெட்டை ஒரு டம்ளரில் போட்டுக் கலக்கினால் உப்பு கூடிப்போய்க் குழந்தைக்கு ஆபத்து. பாக்கெட் கிடைக்காத வேளையில், ஒரு லிட்டருக்குத் தலைதட்டிய டீஸ்பூனால் 6 ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு. கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் முடித்துவிட்டு மீதியைக் கொட்டிவிடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது. கண் குழிந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ்ஸோடு ஜிங்க் மாத்திரையும் தருவார்கள். வயிற்றுப்போக்கு நின்றாலும் 14 நாள் கொடுக்கவேண்டும். இரண்டாம் நாளே நிறுத்திவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

இனி தண்ணீர். வந்து பார்த்தவருக்கு நல்ல தண்ணீர் தெரிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. உங்கள் அடி பம்பு மாட்டியிருக்கும் குடிநீர் வாரியக் குழாயில் எந்நேரமும் தண்ணீர் அழுத்தத்தோடு ஓடுவதில்லை. விடாத நேரத்தில் குழாய் வெறுமையாக இருக்கும். அப்போது பம்பை அடித்தாலோ, மோட்டாரை நேராக லைனில் மாட்டி இழுத்தாலோ, விரிசலுக்கும் தளர்ந்த இணைப்புக்கும் பக்கத்தில் கசியும் சாக்கடை உள்ளே உறிஞ்சப்படும். தண்ணீர் விட்டதும் முதல் சில குடம் நாறும், பிறகு தெளியும். அதிகாரி தெளிந்த நேரத்தில் வருவார். ஆகவே புகாரில் ‘தண்ணீர் சரியில்லை’ என்று மட்டும் எழுதாமல், எந்தப் பம்பு, எத்தனை மணிக்குத் தண்ணீர் விட்டது, எத்தனையாவது குடம் வரை நாற்றம், எந்த வீட்டு எண்ணிலிருந்து எந்த வீட்டு எண் வரை என்று ஒரு வாரம் எழுதுங்கள். நாற்றம் ஆரம்பிக்கும் வீட்டுக்கும் அதற்கு முந்தின நல்ல வீட்டுக்கும் நடுவில்தான் உடைப்பு இருக்கும். தோண்டும் ஆட்களுக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது.

குடிநீர் வாரியத்தின் 1916-க்கு அழைத்துப் புகார் எண்ணை வாங்கி வையுங்கள். தண்ணீர் மாதிரி கொடுக்க நேர்ந்தால் சோடா பாட்டிலைக் கழுவி எடுத்துப் போகாதீர்கள். ஆய்வகத்திலேயே கிருமி நீக்கிய பாட்டில் கேட்டு வாங்கி, வாய்ப்பகுதியைக் கை தொடாமல் பிடித்து, ஐஸ் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் சேர்த்துவிடவேண்டும். தாமதித்தால் கிருமி எண்ணிக்கை மாறிவிடும், முடிவை யாரும் ஏற்கமாட்டார்கள்.

சரியாகும்வரை குடிக்கவும் சமைக்கவும் லாரித் தண்ணீர்தான். அந்தத் தண்ணீரைச் சேமிக்கும் தொட்டிக்கு 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். நேராகத் தொட்டியில் கொட்டாமல், ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பை வெளியே போட்டுவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் புழங்கலாம். பிரித்துத் திறந்தே கிடந்த பவுடரில் குளோரின் போயிருக்கும், எவ்வளவு போட்டாலும் வேலை செய்யாது. கழிவறை கழுவும் ஆசிட்டோடு அதைச் சேர்த்தால் விஷவாயு வரும். இரண்டையும் ஒரே அலமாரியில்கூட வைக்கவேண்டாம். சாக்கடை கலந்த தண்ணீரில் பிளீச்சிங் போட்டால் குடிக்கத் தகுதியாகிவிடும் என்று நம்பி யாரும் குடித்துவிடக்கூடாது.

கேள்வி: மழை வந்தால் எங்கள் பையன்கள் சாம்பார் சாதம் போட்டுக் கொடுப்பார்கள். போன தடவை பாதி ஊசிப்போனது, சில வீட்டுக்கு மூன்று பொட்டலம், சில வீட்டுக்கு ஒன்றுகூடப் போகவில்லை. எப்படித் திட்டமிடுவது?
— வாசகர், புளியந்தோப்பு

நூறு பொட்டலத்துக்கு, ஆளுக்கு 400 கிராம் கணக்கில், 8 கிலோ அரிசி, இரண்டரைக் கிலோ துவரம்பருப்பு, 5 கிலோ காய், ஒரு லிட்டர் எண்ணெய் போதும். கொதிக்கும் தண்ணீரோடு சேர்த்து 40 லிட்டர் பிடிக்கும், அதனால் 60 லிட்டராவது கொள்ளும் அண்டா வேண்டும். பருப்பைத் தனியாக மலர வேகவைத்த பிறகு அரிசியைச் சேர்க்கவேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் பருப்பு அடியில் தங்கிப் பிடித்துவிடும், அந்தத் தீய்ந்த வாடை நூறு பேருக்கும் போகும். தேங்காய் அரைத்து விடாதீர்கள், சீக்கிரம் கெடும்.

ஊசிப்போவது பெரும்பாலும் பொட்டலம் கட்டும் விதத்தால். ஆவி பறக்கும் சாதத்தைக் கவரில் போட்டு முடிந்து, ஒன்றன்மேல் ஒன்றாகச் சாக்கில் அடுக்கினால் உள்ளே வியர்த்து, மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். கிருமிக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. அண்டாவோடு மூடிப் போட்டுச் சூடாக எடுத்துப்போய் அந்த இடத்திலேயே பாத்திரத்தில் ஊற்றிக் கொடுப்பது நல்லது. கணேசபுரம் சுரங்கப்பாதை நிறைந்து சுற்றிப்போக வேண்டியிருந்தால், புளிசாதமோ எலுமிச்சை சாதமோ போடுங்கள், அதையும் தட்டில் பரப்பி ஆறவிட்டுக் கட்டுங்கள். சமைத்து நாலு மணி நேரத்துக்குமேல் ஆன சாம்பார் சாதத்தை, வாசனை நன்றாக இருந்தாலும், கொடுக்காதீர்கள்.

மூன்று பொட்டலம் – ஒன்றுமில்லை என்பதற்கு ஒரே வழி, கடைசிச் சந்திலிருந்து ஆரம்பிப்பது. தெரு முனையில் வண்டியை நிறுத்தினால் கையும் காலும் உள்ளவர்கள் வாங்கிக்கொள்வார்கள். ஹவுசிங் போர்டில் மூன்றாம் மாடியில் படுத்திருக்கும் பாட்டிக்குப் போகாது. முதல் நடையிலேயே மேல்மாடிக்கும் கடைசிச் சந்துக்கும் கொடுத்துவிட்டு, கீழே இறங்கி வாருங்கள். மழைக்கு முன்பே படுக்கையில் இருப்பவர், சர்க்கரை மருந்தும் இன்சுலினும் எடுப்பவர், டயாலிசிஸ் போகிறவர், நிறைமாதக் கர்ப்பிணி இருக்கும் கதவு எண்களை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இவர்களைத் தண்ணீர் முழங்கால் ஏறுவதற்கு முன்னால் அப்புறப்படுத்தவேண்டும். ஏறிய பிறகு தூக்குவது நாலு பேர் வேலை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பட்டாளம், புளியந்தோப்பு பக்கமெல்லாம் தண்ணீர் வடிய நாள்கணக்கில் ஆனது. இரண்டாம் நாளுக்கு மேல் சாதத்தைவிடப் பால் பவுடர், நாப்கின், உலர்ந்த துணி, பாய், கொசுவத்தி, மெழுகுவத்திக்குத்தான் தவிப்பு. எல்லாக் குழுவும் சாதத்தையே கொண்டுவரும்போது ஒரு குழுவாவது இவற்றை எடுத்துக்கொள்ளலாம். மின்வாரியப் பில்லர் பாக்ஸ் (தெருவோர மின் இணைப்புப் பெட்டி) மூழ்கியிருக்கும் தெருவில், மின்சாரம் நிறுத்தியாயிற்று என்று உறுதியாகும்வரை யாரும் இறங்கவேண்டாம். காலில் புண்ணோடு அந்தத் தண்ணீரில் நடந்தவர்களுக்கு அடுத்த இரண்டு வாரத்தில் காய்ச்சல் வந்தால், எலிக்காய்ச்சலாக இருக்கலாம். ‘வெள்ளத்தில் நடந்தேன்’ என்று டாக்டரிடம் அவர்களே சொல்லவேண்டும்.

கேள்வி: உதவி வாங்குகிறவர்களை ஃபோட்டோ எடுத்தால்தான் நன்கொடையாளர்கள் நம்புகிறார்கள். எடுக்கலாமா?
— வாசகர், தண்டையார்பேட்டை

முகம் வேண்டாம். அரிசி மூட்டை, கடை பில், அண்டா, பட்டியலின் மொத்தத் தொகை என்று எடுத்து அனுப்புங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை பொட்டலத்துக்குக் கை நீட்டும் படம் வகுப்புத் தோழன் ஃபோனுக்கு வரும் என்பதை நன்கொடையாளருக்குச் சொல்லிப் பாருங்கள். நல்ல மனசுள்ளவர்கள் புரிந்துகொள்வார்கள். அதற்குமேலும் முகம் கேட்பவரின் பணம் இல்லாமல் சமாளிக்கலாம்.

கேள்வி: தெருப் பையன்கள் 12 பேர் சேர்ந்து பணம் திரட்டினோம். ஒருவன் ஜிபேயில் வந்தது. இப்போது அவன்மேல் சந்தேகம் கிளம்பிச் சண்டை. அவன் நல்லவன்.
— வாசகர், எண்ணூர்

நல்லவனாக இருந்தும் சந்தேகம் வந்தது, அவன் சம்பளமும் உங்கள் நன்கொடையும் ஒரே கணக்கில் கலந்ததால். உடனே அந்த மாத ஸ்டேட்மென்ட்டை எடுத்து, நன்கொடை வரிகளை மட்டும் குறியிட்டு, எல்லோரும் உட்கார்ந்து கூட்டிப் பாருங்கள். இனி இரண்டு பேர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்கமுடியும் என்ற கூட்டுக்கணக்கு ஒன்று திறவுங்கள். தொடர்ந்து செய்வதாக இருந்தால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி சங்கமாகப் பதியலாம். குறைந்தது 7 உறுப்பினர் வேண்டும், நீங்கள் 12 பேர் இருக்கிறீர்கள். பதிந்தபின் ஆண்டுக் கூட்டம், கணக்குத் தாக்கல் எல்லாம் கட்டாயம். அந்தப் பொறுப்புக்கு ஒருவர் இல்லாமல் பதியாதீர்கள். பொருளுக்கும் கணக்கு உண்டு: ஒரு மூட்டை அரிசி வந்தால், வந்த தேதியும் போன இடமும் எழுதி, மாதக் கடைசியில் தெருமுனைப் பலகையில் ஒட்டுங்கள். வெளிநாட்டிலிருக்கும் சொந்தக்காரர் நண்பர் மூலம் பணம் அனுப்புகிறேன் என்றால், வெளிநாட்டு நன்கொடைக்கான சட்ட அனுமதி இல்லாமல் வாங்கவேண்டாம்.

கேள்வி: ரத்ததானக் குழு வைத்திருக்கிறோம். தலைவர் பிறந்தநாளில் ஒரே நாளில் 90 பேர் கொடுத்தோம். ஆனால் அடுத்த மாதம் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் அவசரமாகக் கேட்டபோது ஒருவரும் தகுதியில்லை.
— வாசகர், ராயபுரம்

ஆண்கள் 90 நாள், பெண்கள் 120 நாள் இடைவெளி விட்டுத்தான் மறுபடி கொடுக்கமுடியும். 90 பேரும் ஒரே நாளில் கொடுத்தால் மூன்று மாதம் குழுவே காலி. ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் தட்டணுவும் (பிளேட்லெட்) 5 நாள்தான் தாங்கும், சிவப்பணு 42 நாள் வரை. பட்டியலை மூன்றாகப் பிரித்து மாதம் 30 பேர் என்று வைத்துக்கொண்டால் டெங்கு வரும் மழைக்காலத்திலும் ஆள் இருக்கும். வயது 18 முதல் 65, எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5. பச்சை குத்தியிருந்தாலும், வெறிநாய்க்கடி ஊசி போட்டிருந்தாலும் ஒரு வருடம் பொறுக்கவேண்டும். வெறும் வயிற்றோடு வருகிறவர்கள்தான் அதிகம் மயங்கி விழுகிறார்கள். சாப்பிட்டீர்களா என்று வாசலிலேயே கேளுங்கள். ரத்தம் கொடுத்ததற்குப் பணம் வாங்குவது 1998 ஜனவரி 1 முதல் நாடு முழுக்கத் தடை. நோயாளி வீட்டாரிடம் ‘பஸ் செலவு’ என்று 500 வாங்குகிற பையனைக் குழுவிலிருந்து எடுத்துவிடுங்கள்.

கேள்வி: வடசென்னையில் முன்னோடி என்று யாரையாவது காட்டமுடியுமா?
— கல்லூரி மாணவி, பெரம்பூர்

உங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு என்ற இரு சிறு வியாபாரிகள். இருவரும் ஆலைத் தொழிலாளிகள் இல்லை. பக்கிங்காம் – கர்நாடிக் மில்லில் வேலை பார்த்தவர்கள் வந்து சொன்ன குறைகளை உட்கார்ந்து கேட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்கு நேரம் போதவில்லை என்பதும் அதில் ஒன்று. கேட்டதோடு நிற்காமல், அன்னி பெசன்ட்டின் சகாவான, பேசத் தெரிந்த பி.பி. வாடியாவிடம் அதைக் கொண்டுபோனார்கள். திரு.வி.க.வும் சேர்ந்தார். 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. சங்கத்தைச் சொல்லும்போது வாடியாவும் திரு.வி.க.வும்தான் முதலில் நினைவுக்கு வருவார்கள், இந்த இருவரும் அப்புறம்தான்.

கேள்வி: ராத்திரி இரண்டு மணிக்கும் ஃபோன் வருகிறது. வீட்டுக்காரி கோபித்துக்கொள்கிறாள்.
— வாசகர், திருவொற்றியூர்

அவர் கோபம் நியாயம். இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டு, ஒரு வாரம் அவர் எண், ஒரு வாரம் உங்கள் எண் என்று முறை வையுங்கள். உயிர் போகிற காரியத்துக்கு 108, குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, முதியவர்களுக்கு 14567 என்று தெருவில் எழுதி ஒட்டினால் பாதி அழைப்பு உங்களிடம் வராது. வீட்டுச் செலவிலிருந்து தொண்டுக்கு எடுக்கும் தொகையை மனைவியோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள், அதற்குமேல் ஒரு ரூபாய் எடுக்கவேண்டாம்.

கேள்வி: எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி மோதி விழுந்தவரைத் தூக்கப் பயப்படுகிறார்கள், போலீஸ் கேஸ் ஆகும் என்று.
— வாசகர், எர்ணாவூர்

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவியவர்மேல் வழக்கு வராது என்கிறது. பெயர், முகவரி சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் முடியாது. விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் இலவசம், அதில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும்.

முதலில் இரண்டு பேர் பின்னால் போய் வண்டிகளை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் அடுத்த லாரி உங்கள்மேல் வரும். ரத்தம் வரும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்துங்கள். நனைந்தால் அதை எடுக்காமல் மேலேயே இன்னொரு துணி வைத்து அழுத்துங்கள். தண்ணீர், சோடா எதுவும் வாயில் ஊற்றவேண்டாம். மூச்சு இருக்கும்வரை ஹெல்மெட்டைக் கழற்றவேண்டாம். கழுத்தோ முதுகோ வலிக்கிறது என்றால், தீப்பிடிக்கும் அபாயம் இல்லாதவரை ஷேர் ஆட்டோவில் மடக்கி ஏற்றாமல், 108 வரும்வரை தலையை இரு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டு உட்காருங்கள். அழைக்கும்போது ‘எண்ணூர் ரோடு’ என்று மட்டும் சொன்னால் வண்டி தேடி அலையும். பக்கத்துப் பஸ் ஸ்டாப், எதிரில் இருக்கும் கம்பெனி கேட், எந்தப் பக்கம் போகும் சாலை என்று மூன்றையும் சொல்லுங்கள்.